கயிறு ஷீலாவின் கையில்

திருவொற்றியூரில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கயிறு கட்டிச் சுவர் ஏறக் கற்றுக்கொடுக்கிறேன். ஒருநாள் பயிற்சியைப் பார்க்க வந்தவர்களிடம், "எல்லாம் கெட்டுப்போக இருந்த பிள்ளைங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு செய்துகாட்ட நானே ஏறினேன். கீழே நின்று, என் எடையைத் தாங்கும் கயிற்றைப் பிடித்திருந்தவள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, பதினாறு வயது ஷீலா.

உச்சியில் கையை விட்டுத் தொங்கியபடி, "இறக்கும்மா" என்றேன். கயிறு அசையவில்லை.

"இன்னா மாஸ்டர், கெட்டுப்போற பொண்ணு கையில தொங்கினுகீறியே, பயமா இல்ல?"

வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"தப்புதான் ஷீலா. சுவர் ஏறுற பிள்ளைங்கன்னு சொல்லியிருக்கணும்."

"என்னாண்ட இன்னாத்துக்கு? அவங்களாண்ட சொல்லு."

தொங்கியபடியே அவர்களிடம் உரக்கச் சொன்னேன். பிறகுதான் என்னைக் குலுங்காமல் தரையிறக்கினாள்.

அவ்வளவு கோபத்திலும் அவள் பிடி ஒரு நொடிகூடத் தளரவில்லை. நான் பேசிய பேச்சுக்கு அவ்வளவு அக்கறை அதிகம்.