வேலாயுதம் கப்பலேறி வந்த கதை

வேலாயுதத்திடம் இருந்தது ஒரே கதை. சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த கதை. நாங்கள் இருவரும் நகராட்சியில் ரோடு போடும் ஆட்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரே அறை. பத்து வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கதையின் உச்சம் இதுதான். கரையிறங்கிப் பட்டணத்துக்குள் நுழைகிறான். எதிரே காவடி, மேளம், தண்ணீர்ப் பந்தல். கூலிக்காரனுக்கு வெள்ளைக்காரன் இப்படியா வரவேற்புக் கொடுக்கிறான் என்று பூரித்துப்போய், இருபுறமும் கும்பிட்டுக்கொண்டே டேங்க் ரோடு கோயில்வரை நடந்திருக்கிறான். அன்று தைப்பூசம்! அப்துல் கஃபாரின் சரபத் கடையில் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னால் பெஞ்சே குலுங்கும். நான் மட்டும் சிரிக்கமாட்டேன். என் கதையை யாரிடமும் சொன்னதும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பவன் என்று எனக்கொரு திமிர்.

ஐம்பத்தேழில் குடியுரிமைக்குப் பதியச் சொன்னார்கள். அது கிடைத்தால் ஊரிலிருக்கும் மனைவி பூவம்மாவை அழைத்துக்கொள்வது லேசு என்று யாரோ சொன்னதிலிருந்து வேலாயுதத்துக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் இருவர் காகிதங்களும் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டன. ஒருவருக்கொருவர் சாட்சி என்று கிளம்பினோம்.

பதிவு ஆபீஸ் மேசைக்குப் பின்னால் இராஜரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணியார், பேனாவும் கையுமாக இருந்தார்.

"எப்ப வந்தனீங்கள்?" என்று முதலில் வேலாயுதத்தைக் கேட்டார்.

கடையையே சிரிக்க வைத்த வாய் அங்கே பூட்டிக்கொண்டது. எனக்கோ ஆத்திரம்.

"இவன் சொல்லமாட்டான்யா, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். கரையிறக்குமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தீவில் அடைத்துவைத்த ஏழு நாள், காவடி, கும்பிடு, எதையும் விடவில்லை. "ஜப்பான்காரன் வர்றதுக்கு நாலு வருஷம் முந்தி, தைப்பூசத்தன்னிக்கு" என்று முடித்தேன். கிராணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முப்பத்தெட்டு என்று எழுதினார்.

பிறகு வேலாயுதத்தைக் கேட்டார்: "அப்ப இவர் எப்ப வந்தவர்?"

அவன் என்னைப் பார்த்தான். பத்து வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ரெண்டு பேரும் நாளைக்கு வாங்கோ" என்றார் கிராணியார்.

சாயந்தரம் சரபத் கடையில் வேலாயுதம் என்னை ஓர் ஓரமாக உட்கார வைத்தான். "சொல்லு லா சுப்பு. இன்னிக்கு நான் வாயே தொறக்கல."

மாதம், வருடம், கப்பல் பெயர் என்று மொட்டையாக நாலு வரி சொன்னேன். அவன் விடவில்லை. "வழியனுப்ப யாரு வந்தா? கையில என்ன குடுத்து விட்டாங்க?" கேட்கக் கேட்க என்னிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. எனக்கே ஆச்சரியம். மூன்று டீ ஆயிற்று.

மறுநாள் கிராணியார் முன்னால் என் கதையை அவன் சொன்னான். கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தான். கடைசியில், "நாகப்பட்டணம் மறையற வரைக்கும் கம்பியப் புடிச்சிக்கிட்டு அம்மா, அம்மான்னு அழுதிருக்கான்யா" என்றான்.

அதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. ஆனால் அன்று கப்பலில் அழுதேன்.