பூண்டியில் கபடி ஆடிய பிரேசில்காரர்

முதல்ல கண்ணுல பட்டது அந்தக் காதுதான். நசுங்கி, மடிஞ்சு, உள்பக்கம் சுருண்டுபோன காது... ப்ரௌசிங் சென்டர்ல ஃபேஸ்புக் பேஜ் திறந்ததும் அந்த போட்டோ.

கீழே எனக்குத் தெரியாத பாஷையில நிறைய பேர் எழுதியிருந்தாங்க. ஒருத்தர் மட்டும் இங்கிலீஷ்ல. படிச்சுப் பார்த்துதான் புரிஞ்சது.

ஜோவினோ சார் இறந்துட்டார். ஹார்ட் அட்டாக்காம்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பிரேசில்காரர். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கலந்த மாதிரி ஒரு சண்டை இருக்கு... அதுல ஜப்பான் வரைக்கும் போய் ஜெயிச்சவர்.

தோள்பட்டையில ஆபரேஷன் ஆகி, திரும்பவும் ஜப்பான்ல ஒரு சண்டைக்கு ரெடியாக நம்ம கொடைக்கானல் வந்தார். மலையில ஓடினா மூச்சு நல்லா நிக்குமாம். செண்பகனூர்ல நான் ரூம் க்ளீன் பண்ற கெஸ்ட் ஹவுஸ்லதான் தங்கினார்.

வெள்ளனே எந்திரிச்சு பெருமாள்மலைக்கு ஓடியே இறங்குவார். திரும்ப ஏறி வரும்போது பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாம் ஜன்னல் வழியா கை காட்டுவாங்க.

நான் எட்டாவதோட நின்னவ. கெஸ்ட் யாராவது இங்கிலீஷ்ல கேட்டா தலையை ஆட்டிட்டு ஓடிடுவேன். ஆனா ஜோவினோ சாருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான்... அதனால அவர்கிட்ட வெக்கம் வரல.

எங்க அம்மா அங்கேயே கிச்சன்ல வேலை. சிலோன் தோட்டத்துல பிறந்தது, அதுக்கு வெளிநாட்டுக்காரர் யாரா இருந்தாலும் "தொரை"தான்.

"நோ தொரை! மை ஃபாதர் ஃபிஷ் செல்லிங்!"னு அவர் கத்துவார்.

"சரிங்க தொரை"ன்னு சொல்லிட்டு அம்மா டீ ஊத்தும்.

ரூம்ல அவரோட பழைய சண்டை சிடி ஓடிட்டே இருக்கும். பெட்ஷீட் மாத்துற சாக்குல நானும் பார்ப்பேன். ஜப்பான்ல அவ்வளவு கூட்டம் சத்தமே போடாம உக்காந்திருக்கும்... அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் ஒரு சண்டை. ஒருத்தர் கையை ஜோவினோ சார் மடக்கிப் பிடிச்சிருக்கார். மாட்டினவர் இவர் கால்ல ரெண்டு தட்டு தட்டினார். உடனே இவர் விட்டுட்டார். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க.

எதுக்குத் தட்டினார்னு கேட்டேன். அவர்கிட்ட நானா கேட்ட முதல் கேள்வி.

"போதும், விடுன்னு அர்த்தம். தட்டினா அந்த செகண்டே விடணும்"னார். அவரும் ஒரு தடவை, கை உடையறதுக்குள்ள தட்டித் தோத்திருக்காராம். ஊர்ல கோழைன்னு சொன்னாங்களாம். "பட் ஐ ஹேவ் ஹேண்ட்!"னு கையை ஆட்டிக் காட்டிச் சிரிச்சார்.

அந்தப் பொங்கலுக்கு எங்க ஊர் பூண்டிக்கு வந்தார். கபடி நடந்துட்டிருந்தது. பார்த்துட்டே நின்னவர், ஸ்வெட்டரைக் கழட்டிட்டு நானும் ஆடறேன்னு நின்னுட்டார். ஜப்பான் சண்டைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அவர் வாயில "டி" வரல. "கபாஜி கபாஜி"ன்னு பாடிட்டுப் போனார். சிரிச்ச சிரிப்புல யாரும் அவரைப் பிடிக்கவே இல்ல.

அடுத்து என் அத்தை மகன் செல்வம் பாடி வந்தான். ஜோவினோ சார் ஒரே பிடி, கணுக்கால்ல. செல்வம் மண்ணோட மண்ணா கெடக்குறான்.

"ஏலே, கேரட்டுப் புடுங்குற மாதிரி புடுங்கிட்டாருலே!"ன்னு ஊரே கத்துச்சு.

செல்வத்துக்கு ரோஷம். ஜோவினோ சார் மறுபடி பாடிப் போனப்ப நாலஞ்சு பேர் மொத்தமா மேல விழுந்தாங்க. அடியில செல்வம், அவரோட கையை முறுக்கிப் பிடிச்சிட்டு. ஆபரேஷன் ஆன கை.

இன்னொரு கை மட்டும் வெளியே வந்தது. செல்வம் முதுகுல தட்டுச்சு.

"பாருங்கடா, தட்டிக் குடுக்குறாரு!"ன்னு செல்வம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான்.

எல்லாரும் கைதட்டுறாங்க. அந்தக் கை திரும்பத் திரும்பத் தட்டுது...

அங்கே இருந்ததுல எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோட்டைத் தாண்டி எப்ப ஓடினேன்னு தெரியல. செல்வம் முடியைப் பிடிச்சு இழுத்தேன். "விடுறா! பாராட்டல, விடச் சொல்றாரு! விடு!"

விட்டுட்டான். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க.

"இந்த ஊமைக்குள்ள இம்புட்டுச் சத்தமா?"ன்னு யாரோ கேட்டாங்க. நிமிரவே முடியல.

ஜோவினோ சார் எந்திரிச்சு உக்காந்து, தோளை மெதுவா ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. திரும்பவும் சுத்தினார். அப்புறம் சிரிச்சார். வலிதான், ஒண்ணும் ஆகல.

செல்வம் அழுதே விட்டான். "சத்தியமா நல்லாப் புடிச்சேன்னு சொல்றாருன்னுதான்ணே நெனச்சேன்..." அவர் அவனைக் கட்டிப்பிடிச்சு, அவன் தலையில இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

ஜப்பான்ல அந்தச் சண்டையில தோத்துட்டார். பாயிண்ட்லதான். முடிஞ்சதும் ரெண்டு கையையும் மேல தூக்கி நின்ன போட்டோ எனக்கு அனுப்பினார். "ஷோ செல்வம்"னு எழுதியிருந்தார்.

அதுதான் அவர் கடைசி சண்டை. அப்புறம் அவங்க ஊர் கடற்கரையில சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திட்டு இருந்தார்.

செல்வம் என்னைப் பார்க்கிறப்பல்லாம் முதல்ல அதைத்தான் கேப்பான். "உங்க சாருக்குக் கை நல்லா இருக்காமா?" நல்லா இருக்காம்டான்னு சொல்வேன். அப்புறம்தான் மத்த பேச்சு.

நேத்து அந்த போட்டோவுக்குக் கீழே, அத்தனை பேர் அவங்க பாஷையில எழுதினதுக்கு அடியில, நான் தமிழ்லயே எழுதினேன். நல்லாத் தூங்குங்க சார்.

செல்வத்துக்கு ஃபேஸ்புக் எல்லாம் கிடையாது. போனும் கிடையாது.

இன்னிக்கு கெஸ்ட் ஹவுஸ் மேடம்கிட்ட அரை நாள் லீவு கேட்டு பூண்டி பஸ் ஏறினேன்.

ஓடையில கேரட் கழுவிட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும், "உங்க சாருக்குக் கை..."ன்னு ஆரம்பிச்சான்.

செருப்பைக் கழட்டிட்டு நானும் தண்ணிக்குள்ள இறங்கி, அவன் பக்கத்துல போய் நின்னேன்.