கரண்டிப் பால்

எங்க மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது பெருமாள்மலையில, எங்க டீக்கடையிலதான். மலையேறி வர்ற பஸ்ஸெல்லாம் கடை முன்னால நின்னு இன்ஜினுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுகள் முடியிற சமயம் அது. ஒரு டிரைவருக்கு டீயை நீட்டினவரு கிளாஸோட அப்படியே பெஞ்சில சாஞ்சுட்டாரு. கொடைக்கானல்ல ஒரு டாக்டரம்மா பார்த்து மாத்திரை கொடுத்தாங்க. "இருதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கு. கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல மெல்ல நடமாடட்டும். மனசுல கவலை ஏறாமப் பார்த்துக்குங்க"ன்னாங்க.

எங்க வீட்டு ஆளுகளுக்கு எது சொன்னாலும் பாதிதான் காதுல விழும். ஓய்வும் கவலையும் விழுந்துச்சு. நடமாடச் சொன்னது காத்தோட போச்சு.

அன்னையில இருந்து வீடு வீடா இல்லை. என் வீட்டுக்காரரு பூனை மாதிரி நடந்தாரு. கடை விசயம், ஊர்ச் சண்டை எதுவும் அப்பா காதுக்குப் போகக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. என் மாமியார் இருக்காங்களே, அத்தைன்னுதான் கூப்பிடுவேன், அவங்க மாமாவோட சண்டை போடாம ஒரு காப்பி குடிச்சது கெடையாது. அவங்களே வாயைப் பூட்டிக்கிட்டாங்க. மாமா பணியாரம்னு முனகினா பணியாரம், கோழின்னா கோழி. எனக்கே பொறாமையா இருந்துச்சு.

இம்புட்டுக்கும் மனுசன் தேற வேண்டாமா? நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே போனாரு. ஆக்கிப் போட்டதைத் தொடலை. வெள்ளனே எந்திரிச்சு சன்னலைப் பார்த்து உட்கார்ந்தா பொழுது சாயுற வரைக்கும் அதுதான் சோலி. நெஞ்சு படபடன்னு அடிக்குதும்பாரு, மூச்சு முட்டுதும்பாரு. உடனே நாங்க இன்னும் மெதுவாப் பேசுவோம்.

அப்பத்தான் ஆயக்குடியில இருந்து மாமாவோட அக்கா, ஒரு கூடைக் கொய்யாப்பழமும் ஒரு சொம்புக் கண்ணீருமா வந்து இறங்குனாங்க. தம்பிக்குக் கை நடுங்குறதைப் பார்த்துட்டு, பாலைக் கரண்டியில எடுத்து அவரு வாயில ஊத்துனாங்க. அப்புறம் கரண்டியை என் வீட்டுக்காரரு கையில குடுத்து, "நீயும் ரெண்டு வாய் குடு"ன்னாங்க. அடுத்து என் கைக்கு வந்துச்சு. சாகக் கெடக்குறவங்களுக்குத்தான் சொந்தபந்தம் வரிசையா நின்னு பால் ஊத்தும். அது எங்க ஒருத்தர் புத்திக்கும் எட்டலை. மாமா எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாரு. கண்ணை மூடிட்டாரு. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு.

அடுத்த பஸ்ஸுல ஏத்தி, அத்தையும் நாங்களுமா வெரசா கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்துட்டு, என்ன பண்ணுதுன்னு கேட்டாங்க.

"பண்ண என்ன இருக்கு தாயி. பால் ஊத்திட்டாங்க. ஆசைப்பட்டதெல்லாம் ஆக்கிப் போட்டாங்க. இவ என்னைத் திட்டி மாசக்கணக்காச்சு. நீங்க நாள் குறிச்சுட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா சிரிக்கலை. நான்தான் சிரிச்சுத் தொலைச்சேன்.

"நான் நாள் எதுவும் குறிக்கலைங்க. உங்க இருதயம் போன தடவைய விட மோசமா இல்லை. பயமும் வருத்தமும்தான் அதைப் போட்டு விரட்டுது. வயசான இருதயத்துக்கு அதுவும் ஒரு சுமைங்க. மாத்திரையை விடாதீங்க. தினமும் நடங்க, கடையில போய் உட்காருங்க. பயம் வந்தா வாயைத் திறந்து சொல்லுங்க."

"அப்ப இப்பத்திக்கு நான் சாகலையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

அதைக் கேட்டதும் அத்தை தள்ளாடிப்போயி சுவத்தைப் பிடிச்சாங்க. டாக்டரம்மா அவங்களை உட்கார வச்சு நாடியைப் பிடிச்சுப் பார்த்தாங்க. முகம் மாறுச்சு. "இவங்களுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?"ன்னாங்க. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தூங்கி ரொம்ப நாளாச்சும்மா. இவருக்கு மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கையை வச்சுக்கிட்டே கெடப்பேன்"னு சொல்லி, அத்தை மாமாவைப் பார்த்தாங்க. "எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

எங்க முன்னால மாமா அத்தையைத் தொட்டு நான் பார்த்ததே கெடையாது. அன்னைக்கு அவரா எந்திரிச்சு வந்து, பக்கத்துல உட்கார்ந்து, அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"மொதல்ல இவளைப் பாருங்க தாயி. நான் இருக்கேன்"னாரு.