அம்மாவின் புருவம்

ஒரு பரீட்சையில் தோற்க வேண்டும் என்று எங்கள் குடும்பமே சேர்ந்து ஆசைப்பட்டது ஒரே ஒருமுறைதான். பரீட்சை அக்காவுக்கு. அவளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு.

அக்கா அரியலூரில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். காது கேட்கும் பிள்ளைகளோடுதான் ஆடினாள், அவர்களைத்தான் அழவைத்தாள். எதிராளி மட்டையை ஓங்கும்போதே இறகுப்பந்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பயிற்சி கொடுத்த சார் ஒருநாள் செந்துறையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காது கேளாதோருக்கென்று இந்திய அணி இருக்கிறது, தேர்வுக்கு அனுப்பலாம் என்றார். ஒரே ஒரு சிக்கல். அக்காவின் பழைய சான்றிதழில் ஓரளவு கேட்கும் என்று எழுதியிருந்தது.

“அவ்வளவு கேட்டா சேத்துக்க மாட்டாங்கம்மா. புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுவோம்.”

அம்மா திண்டாடிப்போனாள். அக்காவுக்குக் காது திறந்தால் வெள்ளியில் காது செய்து போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தவள் அவள். “இப்ப என்னன்னு வேண்டிக்கிறது?” என்று அப்பாவைக் கேட்டாள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா, “பொதுவா நல்லது நடக்கணும்னு வேண்டிக்க. ஆத்தாவுக்குப் புரியும்,” என்று தப்பித்துக்கொண்டார்.

டெஸ்ட் பெரம்பலூரில். அம்மாவும் சாரும் நானும் கூடப் போனோம். அக்காவுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வெளியே கசிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒவ்வொரு முறையும் அக்கா டக்கென்று விரலைத் தூக்கினாள். சாரின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் கேட்காத காது இன்றைக்குத்தானா கேட்டுத் தொலைக்க வேண்டும்?

டாக்டர் நிறுத்திவிட்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

“நீங்க கொஞ்சம் சுவத்துப் பக்கமா திரும்பி உக்காருங்கம்மா.”

“நான் ஒண்ணும் பேசலைங்களே.”

“பேசலைங்க. சத்தம் வந்தா உங்க புருவம் ஏறுது. பாப்பா அதப் பாத்துத்தான் விரலத் தூக்குது.”

அம்மா திரும்பி உட்கார்ந்தாள். மறுபடி சத்தம் வந்தது. விரல் எழவில்லை. டாக்டர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அக்கா அம்மாவின் முதுகைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“முன்னாடி டெஸ்ட் எடுத்தப்பவும் நீங்கதான் எதிர்ல உக்காந்திருந்தீங்களா?”

“மூணு வயசுலேருந்து நாந்தாங்க,” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

சார் கைதட்டினார். நான் குதித்தேன். ஓடிப்போய் அக்காவிடம் ஜெயித்துவிட்டாய் என்று சைகை காட்டினேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த புதுச் சான்றிதழோடுதான் அக்கா தேர்வுக்குப் போனாள், அணியிலும் சேர்ந்தாள். முதல் பதக்கம் வந்ததும் அம்மா அந்த வெள்ளிக் காதைக் கோயிலில் போட்டுவிட்டாள். எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று ஆத்தாவே குழம்பியிருப்பாள். விரலைத் தூக்கினால் அம்மா சிரிப்பாள் என்று தெரிந்துகொண்டு பன்னிரண்டு வருஷம் அக்கா தூக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கவே வெகுகாலம் ஆனது. இன்றும் ஆட்டத்துக்கு முன்னால் கூட்டத்தில் அந்தப் புருவத்தைத்தான் தேடுகிறாள்.

அன்றைக்கு அரியலூர் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். முந்திரிப்பழக் கூடையோடு பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

“ஏன் கண்ணு, அம்மா அழுவுறாங்க?”

“எங்க அக்காவுக்குச் சுத்தமா காது கேக்கலன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அந்தச் சந்தோஷத்துலதான்,” என்றேன்.

அவர் கூடையில் துழாவி, நன்றாகப் பழுத்த பழமாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல சேதி சொன்னதற்குத்தான் தருகிறார் என்று நினைத்து, சாறு முழங்கை வரை வழிய, அரியலூர் வரும்வரை அதைத் தின்றுகொண்டே வந்தேன்.