சாவியை நீட்டியவர்

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அயல்நாட்டில் வேலை கிடைத்து அவர் புறப்பட்டபோது, தங்கையும் மகளும் என் வீட்டிற்கு வந்து தங்கினார்கள். முதலாண்டு முடிந்ததும் உடன் வேலை செய்யும் மூத்த மெக்கானிக், "இவரைத் தனியாக வேலைக்கு அனுப்பலாம்" என்று நிறுவனத்திடம் உறுதி கூற வேண்டும். கூறினால் வேலை நிரந்தரமாகும், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். கூறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூத்தவர் என்பது பதவியில்தான். வயதில் அவர் மைத்துனரைவிட மிகவும் இளையவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் அங்குக் குடியேறிய தமிழர். 'நம்ம ஆளாயிற்றே' என்னும் மகிழ்ச்சி முதல் நாள் தேநீர் இடைவேளை வரையில்தான் நீடித்தது. அந்த இளைஞர் தம் குவளையை எடுத்துக்கொண்டு வேனின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். ஊரைக் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. மைத்துனர் அன்றே அவருக்குக் 'கல்லுளி' என்று பெயர் சூட்டிவிட்டார்.

அதன்பின் மைத்துனருக்கு எல்லாமே ஐயமாயிற்று. குழாயைச் சரிபார்க்க வந்த வீட்டுக்காரர் அலமாரியை ஏன் பார்த்தார்? பக்கத்து அறைக்காரர் எதிரே வரும்போதெல்லாம் ஏன் சிரிக்கிறார்?

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு, உங்களுக்கு என்ன?" என்பாள் தங்கை, தொலைபேசியில்.

"காரணமில்லாம ஒருத்தன் சிரிப்பானாடீ? நேத்து என் எண்ணெய்ப் புட்டி இடம் மாறியிருந்துச்சு."

"அப்படின்னா சமையல் சாமானை ரூமுக்குள்ளயே வெச்சுக்குங்க. எதுக்கும் ஜாக்கிரதையாவே இருங்க."

எல்லாவற்றிலும் பெரிய ஐயம் பூட்டைப் பற்றியது. லிஃப்டின் அடிக்குழியில் ஆள் இறங்குமுன் மேல்தளத்தில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அந்த நாட்டில், அணைத்த சுவிட்சின்மேல் ஒவ்வொரு மெக்கானிக்கும் தம் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். எல்லாப் பூட்டுகளையும் திறந்தாலன்றி மின்சாரம் வராது. மைத்துனர் தம் பூட்டைப் போட்டதும் கல்லுளி அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் தம் பூட்டையும் மாட்டுவார்.

"நான் பூட்டினது போதாதா? என்னைத் திருடன்னு நினைக்கிறான்" என்று குமுறுவார் மைத்துனர்.

இங்கே நம் ஊரில் அவர் வேலை செய்த காலத்தில் ஒரே பூட்டுத்தான் இருந்தது. குழியில் இறங்குபவர் சாவியைத் தம் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார். அது மரியாதை, 'என் உயிர் உங்கள் பொறுப்பு' என்று பொருள்.

ஆண்டு முடியும் தறுவாயில் தங்கை ஒரு யோசனை கூறினாள். "நீங்களும் உம்முன்னு இருந்தா எப்படி? கொஞ்சம் மரியாதை காட்டிப் பாருங்க. மனுஷன் இளகாமலா போயிடுவான்?"

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மைத்துனர் பூட்டைப் போட்டார்; சாவியை இரு கைகளாலும் நீட்டினார். "சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

கல்லுளியின் முகம் இருண்டது. "இறங்காதீங்க" என்றார். சாமான்களை வேனில் ஏற்றச் சொன்னார். நேரே நிறுவனத்துக்குச் சென்று, மேலாளரின் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுமுதல் மைத்துனருக்குக் கிடங்கில் பழைய உதிரிப் பாகங்களைத் துடைக்கும் வேலைதான்.

செய்தி கேட்டுத் தங்கை கலங்கிப் போனாள். "எதையாச்சும் திருடிட்டுப் பழியை உங்க தலையில கட்டிடப் போறான்."

"அங்க திருடறதுக்கு என்ன இருக்கு, மெயின் சுவிட்சா?"

நான் தொலைபேசியை வாங்கி, "அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்களேன்" என்றேன்.

"கேட்டா நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சுடும், மச்சான்" என்றார்.

சில வாரங்கள் சென்றபின் கல்லுளி கிடங்கிற்கு வந்து, "கிளம்புங்கண்ணே" என்றார். அதே கட்டடம். இருவரும் தத்தம் பூட்டைப் போட்டார்கள். கல்லுளி கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க. நீங்க கீழ இறங்குங்க, நான் இங்க பார்த்துக்கிறேன்."

கொடுத்தால் மறுபடியும் கிடங்கு. மறுத்தால் சொற்பேச்சுக் கேளாதவன் என்னும் பெயர். இது திட்டமிட்டு விரித்த வலை என்றே மைத்துனர் முடிவு செய்தார். தோற்பது உறுதி என்றானபின் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"தரமாட்டேன்."

"ஏன்?"

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல. தனியாப் போய் டீ குடிக்கிறீங்க. மேனேஜர் காதுல என்னமோ ஓதுறீங்க. மரியாதையாச் சாவி கொடுத்தா மூட்டை கட்ட வைக்கப் பார்க்கிறீங்க. உங்க அப்பாவே வந்து கேட்டாலும் தரமாட்டேன்!"

"முடிஞ்சுதா?"

"இன்னும் இருக்கு."

"மிச்சத்தை வேன்ல சொல்லுங்க." கல்லுளி கைப்பேசியை எடுத்து மேலாளரை அழைத்தார். "ஆமா சார், கேட்டேன். தரலை. என்னையே சந்தேகப்படுறார். இனி இவரைத் தனியா அனுப்பலாம்."

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கல்லுளி திரும்பினார்.

"அண்ணே, நீங்க குழிக்குள்ள இருக்கும்போது வாட்ச்மேன் வந்து அவசரப்படுத்துவான். நான் ஏதோ ஞாபகத்துல ரெண்டையும் திறந்துட்டா? உங்க சாவி உங்க பாக்கெட்டுல இருந்தா அது நடக்காது. சேர்ந்த அன்னைக்கே வகுப்புல சொன்னாங்களே, தலையாட்டினீங்களே!"

"தலையாட்டினேன்" என்று மைத்துனர் ஒப்புக்கொண்டார். ஓராண்டாக எண்ணெய்ப் புட்டி முதல் எல்லாவற்றையும் ஐயுற்றவர், ஐயுற்றே ஆக வேண்டிய ஓரிடத்தில் மட்டும் சாவியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். தேநீருக்குத் தனியே போவது ஏன் என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

தங்கை அவ்வளவு எளிதில் நம்பிவிடவில்லை. "ஒரு வருஷம் முறைச்சவன் திடீர்னு நல்லவனாயிட்டானா? விசா கைக்கு வரட்டும், அப்புறம் பெட்டியைக் கட்டலாம்" என்றாள். விசா வந்தது, பெட்டியும் கட்டினாள்.

அங்கு இறங்கியபோது, நிறுவனத்தின் வேனோடு கல்லுளியும் வந்திருந்தாராம். பெட்டிகளை ஏற்றிவிட்டு, அவள் தோளில் தொங்கிய பைக்கும் கையை நீட்டியிருக்கிறார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, நானே வெச்சுக்கிறேன்."

கல்லுளி சிரித்ததை மைத்துனர் முதன்முறையாக அப்போதுதான் பார்த்தாராம்.

"அண்ணே, அண்ணிக்குப் பயிற்சியே வேண்டாம் போலிருக்கே!"