குண்டுகரிச்சானுக்காகப் பேசியவர்

முந்தாநாள் மாலை, வலங்கைமான் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றபோது போன் வந்தது. எங்கள் ஊர் அஞ்சலகத்தை நெடுங்காலம் நடத்திய தமிழரசி அக்கா மறைந்துவிட்டார். இறங்கி, ஏணியின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் மைக் செட்காரன். என்னைத் தேடி வருபவர்கள் ஒன்று விசேஷம் வைத்திருப்பார்கள், இல்லை சண்டைக்கு வருவார்கள். முதன்முதலில் அக்கா என் ஷெட்டுக்கு வந்தபோது சண்டை என்றே நினைத்தேன். அவரோ, "தம்பி, நல்ல ஹெட்போன் ஒண்ணு இரவல் தருவீங்களா?" என்றார். தபால் வேலைக்கு முன்னால், விடிகாலையில் பறவைகளின் குரலைப் பதிவு செய்வது அவர் வழக்கம்.

அந்த வருட வைகாசித் திருவிழாவில் கோயில் இலுப்பை மரத்தில் வழக்கம்போல் நான்கு குழாய் கட்டியிருந்தேன். நான்காம் நாள் விடியலில் பாட்டுப் போட்டதும் அக்கா வந்து என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார். மேல் கிளையில் ஓர் ஆண் குண்டுகரிச்சான், கறுப்பும் வெள்ளையுமாக, தொண்டை புடைக்கப் பாடிக்கொண்டிருந்தது. அலகு அசைவது தெரிந்தது. குரல் துளியும் கேட்கவில்லை.

"ஜோடியக் கூப்பிடுறான் தம்பி. உங்க குழாய மீறிக் கேக்கணும்னு நாலு நாளா உச்சத்துல கத்துறான். அப்படிக் கத்துனா பாட்டுல இருக்குற நெளிவு சுளிவுல பாதி போயிடும். எந்தப் பொட்டைக்கு இது கேக்கும், கேட்டாலும் எத நம்பி வரும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. விழாக் குழுவிடம் அவரே போனார். விடியற்காலைப் பாட்டை நிறுத்துவதா என்று தலைவர் எகிறினார். அக்கா அசரவில்லை.

"நீங்க பொண்ணு பாக்கப் போனப்ப கூடத்துல நாலு குழா அலறியிருந்தா, அண்ணி இன்னிக்கி உங்க வீட்டுல இருப்பாங்களாண்ணே?"

முதலில் சிரித்தது தலைவரின் மனைவிதான். குழாய்கள் மரத்திலிருந்து பந்தல் காலுக்கு இறங்கின. ஏழு மணிக்கு முன் பாட்டில்லை என்று முடிவானது. சில நாளில் இலுப்பையில் இரண்டு பறவைகள் தெரிந்தன. அக்கா தபால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தார். எதிராளியைச் சிரிக்க வைத்தே வழிக்குக் கொண்டுவரும் அந்தத் துணிச்சலை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் மைக் செட் ஒலிக்காவிட்டால் போனவருக்கு மரியாதைக் குறைவு. அக்காவின் மகன் கேட்டுக்கொண்டதால் நேற்று விடியலில் செட்டோடு போனேன். கொல்லை முருங்கையில் ஒரு குண்டுகரிச்சான் அப்போதுதான் பாடத் தொடங்கியிருந்தது.

"என்னண்ணே, பாட்டப் போடுங்க" என்று உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"ஆம்ப்ளிபயர் போயிடுச்சுப்பா" என்றேன். இத்தனை வருடத் தொழிலில் என் செட்டை நானே குறை சொன்னது நேற்றுதான்.

அழுகை சற்று ஓய்ந்த நேரத்தில் முருங்கைப் பறவையின் பாட்டு வாசல்வரை எல்லோருக்கும் கேட்டது. போய் வாருங்கள், அக்கா.