உப்புநீரில் தோய்த்த கத்தி

2005இல் அத்தையின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டதால் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இடது கண் எப்படிப் போயிற்று என்று டாக்டரம்மா கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர் அடிச்ச கத்திம்மா. பதம் தப்பிடுச்சி. பாவம், வேணும்னா செஞ்சாரு?” என்றார் அத்தை.

அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதே வயது அறுபத்தைந்து. செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். அந்தப் பதத்தைக் கெடுத்தவன் நான்.

பள்ளிக்கூடத்துக்காக மரக்காணத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. மாமா உப்பளத்தில் எஞ்சின் பார்ப்பவர். தேய்ந்த அரங்களைக் கொண்டுவந்து, கொல்லையில் சின்ன உலை மூட்டிக் கத்தி அடிப்பார். ஒருநாள் அத்தைக்கென்று ஒரு கத்தி அடித்தார். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபின் அதன்மேல் வேறொரு அரத்தை ஓட்டிக் காட்டினார். கண்ணாடியில் ஓட்டியதுபோல் வழுக்கியது; அரமே கடிக்காத கெட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. கத்தியைப் பளபளவென்று தேய்த்து, தோசைக்கல்லில் வைத்து, வைக்கோல் நிறம் வரும்வரை சூடு காட்டினார். பிறகு ஓட்டினால் அரம் லேசாகக் கடித்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

“உங்க அத்தை மாதிரி கொஞ்சம் வளைஞ்சி குடுக்கணும்டா. இல்லன்னா ஒடஞ்சிடும்.”

“யாரு வளைஞ்சி குடுக்கறது? நானா, நீங்களா?” என்றார் அத்தை அடுப்படியிலிருந்து.

புருஷன் பெண்டாட்டி கேலி என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல கத்தியை மாமா கெடுத்துவிட்டார், அவ்வளவுதான். உப்புநீரில் தோய்த்தால் இன்னும் கெட்டிப்படும், ஆனால் அது ஆகாது என்று முன்பு சொல்லியிருந்தார். முதல் பாதி மட்டும் எனக்கு நினைவிருந்தது.

மறுநாள் இருவரும் வெளியே போன நேரத்தில் உலையை ஊதினேன். உப்பளப் பாத்தியிலிருந்து ஒரு குடம் உப்புநீர் கொண்டுவந்து, கத்தியை மறுபடி பழுக்கக் காய்ச்சி அதில் முக்கினேன். மறுபடி அரம் வழுக்கியது. கருப்புப் போகத் தேய்த்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மாலையில் மாமா பிடி போட்டார். நானே தேய்த்து வைத்தேன் என்றதும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அத்தை தேங்காய் மூடியில் கத்தியை விட்டுப் பத்தையை நெம்பினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தை கத்தக்கூட இல்லை. இடது கண்ணைப் பொத்திய கையின் விரல்களுக்கிடையே ரத்தம் இறங்கியது.

மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய பிறகு, மாமா உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த பக்கம் கல் உப்பைப்போல் பரல் பரலாக இருந்தது.

“என் கையாலயே பண்ணிட்டேன்” என்றார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

அரங்களையெல்லாம் மாமா கழுவெளி ஏரியில் போட்டுவிட்டு வந்தார். சாகும்வரை உலை மூட்டவில்லை. அத்தை தேங்காய் உடைக்க உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். குழம்பில் தேங்காய் இருந்தால் தட்டை நகர்த்திவிடுவார். மாமாவுக்குத் தேங்காய் பிடிக்காது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.